எங்கிருந்தோ வந்து விழும் எஸ்

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸில் எழுதும் மென்பொருள் கோடுக்கு நடுவே இன்றும் ஓர் எஸ். நான் அடிக்காத எஸ்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபின் வலது கை தோளிலிருந்து வெறுமனே தொங்குகிறது. இடது கையால்தான் எல்லாம். இந்தக் கோழி கிளறிய எழுத்தும் அப்படித்தான். கண்ட்ரோலோடு சேர்த்துத் தூரத்து விசைகளைத் தட்ட ஒரு கை எட்டாது என்பதால், ஒரு கைக்காரர்களுக்கென்று கணினியில் ஒரு வசதி உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்தி, விட்டுவிட்டு, பிறகு எஸ்ஸைத் தட்டினால், இரண்டையும் சேர்த்து அழுத்தியதாக எடுத்துக்கொண்டு சேமித்துவிடும். காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. மதியத்துக்குள் தானாக நின்றுவிடுகிறது. அது தெரியாமல் நான் சேமிப்பதாக நினைத்துத் தட்ட, கோடில் எஸ் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஸ் டிக்கெட் மென்பொருள் முழுவதும் படுத்துவிடுகிறது. பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு என் திரையையே பார்க்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சேமிப்பதற்கு ஒற்றை விசை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் எஃப் டூவைக் கொடுத்தேன். அது பெயர் மாற்றும் விசையாம். எஃப் த்ரீ தேடுவதற்கு. எஃப் ஃபைவ் எழுதிய கோடை ஓட்டிப் பார்ப்பதற்கு. யாருக்கும் வேண்டாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால், என்றோ நான் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள் ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் சேமித்தால் அது வரிகளைக் கலைத்து அடுக்குகிறது. எந்த விசையைத் தொட்டாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். வயரிங் வேலைக்குப் போன இடத்தில் கிடைத்த மிதி சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து, பழைய கீபோர்டைப் பிரித்து அதில் சேர்த்துப் பற்றவைத்தார். காலால் மிதித்தால் கண்ட்ரோல். “கால் சும்மாதானே இருக்கு, அதுவும் கொஞ்சம் உழைக்கட்டும்” என்றார்.

கொஞ்ச நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு மிதி சிக்கிக்கொண்டது. கண்ட்ரோல் விடவேயில்லை. நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகி, திறந்திருந்த கோப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போயின. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன் என்று அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. மிதியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

நரம்பு மருத்துவர்: “கை திரும்ப வந்தா நல்லது. வரும்னு வச்சுக்கிட்டு எதையும் திட்டம் போடாதீங்க.”

வீட்டுக்கு வரும்வரை இவர் என் பையைத் தூக்கிக்கொண்டே வந்தார். அதில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் எஸ். பக்கத்து சீட் தம்பி வழக்கம்போல நான் சொல்லாமலே தேடி எடுத்தான். எத்தனையைத்தான் எடுப்பான், பாவம்.

மேடம் கூப்பிட்டுப் பேசினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ சாவு வீட்டில் பேசுவதுபோல, கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கலாமே என்றார். மாதக் கடைசிவரை பொறுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். என்ன வாழ்க்கை இது. ஒரு எழுத்துக்காக கெஞ்சிட்டு நிக்கிறேன்.

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

இன்று வேறு எதுவும் செய்யாமல் என் கையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். சேமிக்கும்போது பார்த்துப் பார்த்து, விட்டு விட்டுத்தான் அழுத்துகிறேன். ஆனால் ஒரு வரியை நகலெடுக்கும்போது இடது கைக்குப் பழைய பழக்கம் வந்துவிடுகிறது. சுண்டு விரல் கண்ட்ரோலில், ஆள்காட்டி விரல் சி-யில், இரண்டும் ஒரே நேரத்தில். நானே கவனிக்காமல்தான். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நல்ல கைகள் உள்ள வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார் என்று எண்ணி அந்த வசதி தானே அணைந்துகொள்ளுமாம். அமைப்புகளுக்குள் எங்கோ அடியில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். எடுத்துவிட்டேன்.

மாலைவரை ஓர் எஸ்கூட விழவில்லை. இவருக்குப் போன் செய்து சொன்னேன். “அப்போ உன் மேல தப்பு இல்லதானே?” என்றார். என் கைதான் செய்தது, எப்படி இல்லை என்பது? ஆனாலும் இல்லை என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

திங்கள்கிழமையிலிருந்து எனக்கு மூன்றாவது மாடியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவாம்.

கோளாறு தீர்ந்துவிட்டது என்று மேடத்தை அழைத்துவந்து காட்டினேன். நின்று முழுவதும் பார்த்தார். நான் அடித்தேன், சேமித்தேன், ஓட்டிக் காட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. அவர் கண் என் கையில் இல்லை, சுவரிலிருந்த கடிகாரத்தில் இருந்தது.

“நல்லா வந்திருக்கும்மா. ஆனா முடிவு எடுத்தாச்சு.”

மார்ச் 24, திங்கள்

ஹெட்செட் இடது காதை அழுத்துகிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பழைய மாடியில் விட்டுவந்த சால்வையை எடுக்கப் போனேன். என் இடத்தில் இப்போது பக்கத்து சீட் தம்பி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அக்கா, உங்க மெஷின்ல என்னமோ கோளாறு இருந்திருக்கு. கண்ட்ரோலைத் தொட்டா அப்படியே ஒட்டிக்குது. பாவம், இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் வேலை பாத்தீங்களோ. எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டேன்.”

நல்ல பிள்ளை. என் ஒரு கை வசதியைத்தான் கோளாறு என்கிறான், ஆனால் மனசாரத்தான் சொன்னான்.

“இப்போ சரியா இருக்கா?”

“ஜோரா இருக்குக்கா.”

சரிப்பா என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். ஒரு டிக்கெட் கவுண்டர்காரர் லைனில் காத்திருந்தார். டிக்கெட் அச்சாகவில்லையாம். கண்ட்ரோலையும் பி-யையும் அழுத்தச் சொன்னேன். ஒன்றன் பின் ஒன்றாகவா என்று கேட்டார். இல்லை, சேர்த்து அழுத்துங்கள் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை.

“ரெண்டு கையையும் கீபோர்டு மேல வைங்க சார்” என்றேன்.

வைத்துவிட்டேன் என்றார். இனி என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.