இடைநிரப்பி

ஆழ்கடல் நிலையம் ‘சங்கு’. கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளைச் சேகரிக்கும் இடம். ஆழம் தொள்ளாயிரம் மீட்டர். பணியாளர்: ஹில்டா மோத்தா, ஒருத்தி மட்டும்.

சனி, 07:40

காற்று நன்று. உலோக உருண்டை பொறுக்கும் இயந்திரங்கள் நன்று. சொல்ல ஒன்றுமில்லை.

சனி, 16:10

மேலே புயல். கடல்மட்டத்தில் மிதக்கும் கோபுரத்தில் மின்னல் இறங்கி, அனுப்பும் கருவி எரிந்துவிட்டது. வாங்கும் கருவிக்கு ஒன்றுமில்லை. கரையிலிருந்து பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. தொடர்பு அறுந்தால் தூத்துக்குடி அலுவலகத்தில் மணி அடிக்கும், படகு கிளம்பும். அதுவரை இங்கிருக்கும் கருவியிலேயே எழுதிவைக்கிறேன். யாராவது எடுத்தால் படித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, 09:05

மணி அடிக்கவில்லை. ஷிப்ட் பொறுப்பாளர் சபாபதி அண்ணாச்சி எப்போதும்போலப் பேசினார்.

“வணக்கம் ஹில்டாம்மா. நேத்து மின்னல்ல உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? … நல்லது நல்லது. சாப்ட்டாச்சா? … இன்னைக்கும் ரவைதானா?”

நான் வாயே திறக்கவில்லை. அவருக்கு யாரோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது யாரென்று இப்போது விளங்குகிறது.

இடைநிரப்பி. நிலையத்தின் பதிவுகளையும் பேச்சையும் இணையம்வழி கிளவுடுக்கு மாற்ற எங்கள் கம்பெனி வெகுகாலம் தயங்கியது. கடலில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். விடும்போதெல்லாம் மணி அடிக்கும், படகு கிளம்பும், டீசல் பாழாகும். அப்போதுதான் கிளவுடு விற்க வந்தவன் இதைக் காட்டினான். நெட் விட்டுப்போகிற சில நொடிகளில், பழைய பதிவுகளை வைத்து அளவுகளையும் குரலையும் இதுவே ஊகித்து நிரப்பிவிடுமாம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. படிவத்தில் எவ்வளவு நேரம்வரை நிரப்பலாம் என்று கேட்ட கட்டத்தை மட்டும் யாரும் பூர்த்தி செய்யவில்லை. அதனால் அதற்கு வரம்பே இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

திங்கள், 11:30

தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி பழசு, அடைத்துக்கொண்டு வருகிறது. புதியது வியாழக்கிழமை இறக்குக் கூண்டில் வரும், எனக்கு மாற்று ஆளும் அதில்தான். கூண்டு மேலிருந்துதான் இறங்க வேண்டும். இங்கிருந்து ஏற வழியில்லை.

அதுவரை தாங்குமா என்று பயமாக இருக்கிறது. இருந்த ஒரே அவசர மிதவைக்குள் சீட்டு எழுதி வைத்து மேலே விட்டேன். “வடிகட்டி அடைத்துவிட்டது. மூச்சு முட்டுகிறது. கூண்டை உடனே இறக்குங்கள். ஹில்டா.”

செவ்வாய், 10:20

சபாபதி அண்ணாச்சி:

“ஹில்டாம்மா, மீன்பிடிக்கப் போனவங்க ஒரு மிதவையக் கொண்டாந்து குடுத்தாங்க. உள்ள மூச்சு முட்டுதுன்னு உங்க கையெழுத்து. எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. … போன வருஷம் பயிற்சியில விட்டதா? … ஆமா, தேதி இல்ல. … அதான பாத்தேன். சிரிக்காதீங்கம்மா.”

தேதி போடவில்லை. தேதியை எப்போதும் கருவியே போட்டுவிடும், கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அங்கே பேசுவது நானில்லை என்றாவது எழுதியிருக்கலாம். அவசரத்தில் புத்தி எங்கே போயிற்றோ. தொண்டை கிழியக் கத்தினேன். மூச்சுதான் வீணாயிற்று.

வியாழக்கிழமை இருக்கிறது. கூண்டு வந்துவிடும்.

புதன், 17:45

வாராவாரம் பேசுகிற நேரம். தங்கை ஜெசிந்தா:

“யக்கா, நல்லாருக்கியா? … குரல் தெளிவா இருக்கே, இருமலையே காணும். … சீட்டுக் கம்பெனியில மறுபடி சேந்துட்டேன்க்கா. … சரியா? சரிங்கியா? … என்னக்கா, இன்னைக்கு என்னைய ஏசவே இல்ல. … இப்படியே இரு, நல்லாத்தான் இருக்கு.”

அடி மூதி, என்றைக்கடி நான் உன்னை ஏசாமல் பேசியிருக்கிறேன். அதுகூடவா உனக்கு உறைக்கவில்லை. ஒலிபெருக்கியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

வியாழன், 08:15

சபாபதி அண்ணாச்சி: “ஹில்டாம்மா, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும். மாத்து ஆளுக்குக் காய்ச்சல்னு சொன்னதும், மறுபேச்சு இல்லாம இன்னும் ஒரு மாசம் நானே இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டீங்க. கூண்ட நிறுத்தியாச்சு.”

எப்போது கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் அதையேதான் சொன்னது. காற்று நன்று, இயந்திரங்கள் நன்று, சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நான் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

வியாழன், 14:50

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. நிற்க முடியவில்லை. தரையில்தான் கொஞ்சம் குளிர்ச்சி.

ஜெசி, யோசித்துப் பார். நான் ஏசவில்லை. ஏசாத அக்கா உன் அக்கா இல்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொல். ஓடு. எனக்குப் பயமா இருக்கு ஜெசி. மூச்சு இழுத்தா வர மா

வெள்ளி, 07:40. கிளவுடிலிருந்து இறங்கிய பதிவு

காற்று நன்று. உலோக உருண்டை பொறுக்கும் இயந்திரங்கள் நன்று. சொல்ல ஒன்றுமில்லை. பணியாளர்: ஹில்டா மோத்தா.

வெள்ளி, 08:05. வந்த அழைப்பு, தானாகப் பதிந்தது

“யக்கா, நான் ஜெசி. விடிய விடிய உறக்கமே இல்லக்கா. அன்னைக்கு நீ என்னைய ஏசலையே, மனசுக்கு என்னமோபோல இருந்துச்சு. அதான் அண்ணாச்சிட்ட கெஞ்சி லைன் வாங்கினேன். நீதானக்கா பேசுத? ஒருக்கா என்னைய ஏசேன். … சும்மா சொல்லலக்கா, ஏசு. … … மூதியா? எப்பவும் ஏசுத அதே ஏச்சு. அப்பாடா. இப்பத்தான்க்கா எனக்கு உசுரு வந்துச்சு.”