கடை எண்ணுக்கு ஒரு புகார்

ஜூன் 3

வெயில் ஏறினால் போதும், ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் ஒரே நாளில் படுத்துக்கொள்கின்றன. எங்கள் ரிப்பேர் கடை ஃபோன் ஓயவில்லை. இவர் கரகரத்த தொண்டையோடு எல்லோரிடமும் வம்பளந்துகொண்டிருந்தார். பேக்கரி அம்மாவிடம், "கெட்டுப்போன கேக்கை எனக்கு அனுப்புங்க, நானும் கெட்டுப்போன கேஸுதான்" என்றார். அந்த அம்மா சிரித்தது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

மாலையில் டாக்டர். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டுமாம். அடுத்த மாதத் தொடக்கத்தில். "அப்புறம் பேச்சு?" என்று நான்தான் கேட்டேன். அவர் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உயிர் முக்கியம் இல்லையாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது இவர் சொன்னது ஒன்றுதான். "அப்ப கடை?"

கடையாம் கடை.

ஜூன் 6

தங்கையிடம் சொல்லி அழுதேன். அழ விட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் மெசேஜுக்கு மாத்திடுக்கா. போட்டோ, வீடியோ அனுப்பச் சொல்லு. மாமா உட்கார்ந்து பதில் போடட்டும்."

சரிதான். இவருக்குக் கடை வேண்டும். வீட்டில் சும்மா உட்காரவைத்தால் நோய்க்கு முன்னால் அதுவே இவரைத் தின்றுவிடும்.

ஜூன் 11

கடை எண்ணில் வாட்ஸ்அப் கணக்குத் தொடங்கியாயிற்று. இவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஆயத்தப் பதில்களாகச் சேர்த்தேன். சத்தம் வருகிறதா? தண்ணீர் ஒழுகுகிறதா? கதவு ரப்பர் ஒட்டுகிறதா? ஒரு எழுத்தைத் தட்டினால் முழுக் கேள்வியும் வந்து விழுகிறது. நடுநடுவே இவர் அடிக்கிற ஜோக்குக்கு எதைத் தட்டுவது?

ஜூன் 14

மெக்கானிக்குகளுக்கு ஒரு குரூப். எங்கே இருக்கிறீர்கள், வேலை முடிந்ததா என்று போடச் சொன்னால், பெரிய மெக்கானிக் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போடுகிறார். கூப்பிட்டுக் கத்தினேன்.

"கையெல்லாம் கிரீஸு, எப்படிக்கா டைப் பண்றது? நாங்க பேசியே அனுப்புறோம். அண்ணனுக்குக் காது நல்லாத்தானே இருக்கு" என்றார்.

ஆமாம். காது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

கூப்பிடுபவர்களுக்கு இவர் குரலிலேயே ஒரு வணக்கம் பதிவுசெய்து வைக்கலாம் என்றாள் தங்கை. இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "செத்தவன் பேசுற மாதிரி இருக்கும். வேணாம்." வற்புறுத்தவில்லை.

ஜூன் 27

இன்று ஒத்திகை. யாரும் ஃபோனில் பேசக் கூடாது, எல்லாம் எழுத்தில்தான் என்று சட்டம் போட்டேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மதியம் ஃபோன் அடித்ததும் பாய்ந்து எடுத்துவிட்டார். "யாரு... அட, நீங்களா!" என்று ஆரம்பித்தவர் வைக்கவே இல்லை.

"இன்னைக்கு ஒத்திகைன்னு சொன்னேன்ல?" என்று சீறினேன்.

"இன்னும் இருக்கு இல்ல. கொஞ்சம் பேசிக்கிறேனே."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவி நான். இவரையா வாயை மூடச் சொன்னேன்?

ஜூலை 4

நாளை காலை. இன்று என்னிடம் பேசியதையெல்லாம் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மாட்டேன். அது எனக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜூலை 5

முடிந்தது. உயிரோடு இருக்கிறார்.

ஜூலை 30

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு இன்று கடைக்கு வந்தார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தரம் வைத்துப் பார்த்தார். வந்த சத்தத்தைக் கேட்டதும் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

முதல் வாடிக்கையாளருக்கு நான் வைத்திருந்த தானியங்கிப் பதில் போனது: 'எங்கள் ஆள் விரைவில் தங்களிடம் பேசுவார்.' இவர் அந்தக் கடைசி வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார். எப்படி விட்டேன் இதை? அங்கேயே நின்று 'தங்களுக்கு எழுதுவார்' என்று மாற்றினேன்.

ஆகஸ்ட் 12

கடை பிழைத்துவிட்டது. இவர் இரண்டு கட்டைவிரலாலும் தட்டித் தள்ளுகிறார். கிண்டலும் திரும்பிவிட்டது. பேக்கரி அம்மா சிரிப்புப் பொம்மைகளாக அனுப்புகிறார். பெரிய மெக்கானிக் ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்கு? தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் குவிக்கிறார். விளக்கை அணைக்க மேலே காட்டுகிறார். அவ்வளவுதான். நான் அனுப்பும் செய்திக்கு நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. "ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, எனக்கு ஒரு வரி எழுதினா தேஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேரன் பேத்தி எடுத்த அந்த பேக்கரி அம்மாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 19

கடைக்கு விடுமுறை. இவர் கூடத்தில், நான் அடுப்படியில். என்ன தோன்றியதோ, கடை எண்ணுக்கு எழுதினேன்: 'வணக்கம். ஒரு புகார்.'

தானியங்கிப் பதில் வந்தது. பிறகு இவர்: 'சொல்லுங்க. என்ன பிரச்சினை?'

என் எண் என்று தெரியாமலா? தெரியும்.

'வீட்டில் சத்தமே வருவதில்லை.'

'எப்போதிலிருந்து?'

'ஜூலை 5.'

எழுதுகிறார், எழுதுகிறார் என்று காட்டிக்கொண்டே இருந்தது. நிற்கும். மறுபடி எழுதும். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

'அவங்களுக்கு எழுதினா அது வேலை. உனக்கு எழுத ஆரம்பிச்சா, இனிமே உங்கிட்ட பேசவே முடியாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதான் முடியல.'

கூடத்துக்குப் போனேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இவர் அழுகைக்கும் சத்தமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து இருவருக்குமாக நானே சத்தம் போட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 21

மதியம் கடையில் சாப்பிடும்போது எதிரில் இருந்தவரிடமிருந்து ஒரு செய்தி: 'சோறு குழைஞ்சுபோச்சு. இது சோறா, களிம்பா?'

எனக்கு வந்ததே கோபம். "இத்தனை வருஷமா இதைத்தானே தின்னீங்க? பிடிக்கலைன்னா நாளையிலிருந்து நீங்களே வடிச்சுக்குங்க!" என்று மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும், பழக்கதோஷம், இவர் திருப்பிக் கத்துவதற்காக ஒரு நொடி காத்திருந்தேன்.

கடை நிசப்தமாக இருந்தது. பிறகு என் கையில் ஃபோன் அதிர்ந்தது.