செல்லோவில் விழுந்த விரிசல்

1981 மே 3, ஞாயிறு

பெரிய பிடில் என்று ஊர் சொல்கிற என் செல்லோவின் பெட்டி, காலையில் கொக்கி திறந்து கிடந்தது. நான் மூடித்தான் வைத்தேன். சத்தியமாய் மூடித்தான் வைத்தேன்.

தொட்டது வேதகிரி மாமாதான், வேறு யார்? அம்மாவின் தம்பி. அப்பா போனபின் அந்தமானை விட்டு, உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்கிற இந்தக் கிராமத்துக்கு வந்து ஒரு வருஷமாய் அவர் வீட்டுச் சோறு. அக்கா மகளைக் கட்ட அவருக்கு உரிமை உண்டு என்று ஊரே பேசுகிறது. அவர் மட்டும் வாய் திறப்பதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மே 6

"பரிச்சை என்னிக்கு?" மூன்றாம் முறை கேட்டுவிட்டார். ஏனாம்?

ஜூன் 10. சென்னை இசைப் பள்ளியில் வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் விடுதியோடு மூன்று வருஷப் படிப்பு. தேறாவிட்டால் தாலிதான்.

மே 17

போச்சு. எல்லாம் போச்சு.

அம்மாவோடு உத்திரமேரூர் போய்விட்டுச் சாயங்காலம் வந்து தந்தியில் வில்லை வைத்தேன். கரகரவென்று ஒரு சத்தம். திருப்பினால் — பின்பலகை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துகினு கீது. போர்ட் பிளேரில் மர ஆலை மேனேஜர் வீட்டம்மா எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, ஊருக்குப் போகும்போது எனக்கென்று விட்டுப்போனது. எவன் பண்ண வேலை இது?

வீட்டில் இருந்தது மாமா மட்டும். "உன் தம்பி வேணும்னே ஒடச்சிட்டாரு" என்று அம்மாவிடம் அவர் காதுபடவே சொன்னேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா?

மே 18

பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

மே 22

நாளை அம்மன் கோயில் பொங்கல். மாமாதான் பம்பை அடிப்பார். கொல்லையில் பம்பையை வெயிலில் கிடத்தி, பக்கத்தில் குந்திக்கொண்டு அடிக்கடி தட்டிப் பார்த்தார். தோல் காய்ந்தால்தான் கணீரென்று வரும். பார்த்துக்கொண்டே நின்றவள் கிட்டப் போய்க் கேட்டேன்.

"மாமா, என்னுதையும் வெயில்ல வெச்சீங்களா?"

"அன்னிக்கு ஒரு நாள் தொறந்து தட்டிப் பாத்தேன், சத்தம் அமுங்கிக்கினு இருந்துச்சு. பரிச்சையாச்சேன்னு மத்தியானம் முச்சூடும் காய வெச்சேன். மரம் வெடிக்கும்னு தெரியல, கனகா."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் சொல்லிட்டியே."

இதுவும் கட்டின கதையாக இருந்தால்?

மே 25

காஞ்சிபுரம். தறி செய்கிற லோகநாதன் ஆசாரி வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டிக் கயிறு சுற்றிக் கொடுத்தார். ஆளைத் தேடிப் பிடித்தது மாமா. பஸ்ஸில் ஏற்றப் பெட்டிக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை, நானே தூக்கினேன்.

ஜூன் 10

வாசித்தேன். தாழ்ந்த தந்தியில் லேசாக அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்து கேட்ட வாத்தியார்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 29

இடம் கிடைத்துவிட்டது! மாமாவிடம் அம்மாதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 30, சென்னை

அம்மா கடிதம். மாமாவுக்கும் கோமளவல்லிக்கும் ஆவணி 26-ல் கல்யாணம். பெண் பார்த்துச் சித்திரையிலேயே பேசி முடித்தாயிற்றாம். நான் சென்னைக்குப் போகும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றாராம், கல்யாணப் பேச்சில் என் பரீட்சை கெட்டுவிடும் என்று.

சித்திரையிலேயே! அப்படியானால் நான் பேசியதெல்லாம்?

கல்யாணத்தில் நான் வாசிக்கட்டுமா என்று எழுதிப் போட்டேன்.

செப்டம்பர் 7

பதில் வந்தது. மேளம் பேசியாச்சாம், வாசிக்க வேண்டாமாம். தாலி கட்டும்போது விளக்குப் பிடிப்பது அக்கா மகள் செய்ய வேண்டியது. அதற்கும் வேறு பெண்ணாம்.

இதில் என்ன சூது என்று திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒன்றுமில்லை. அவருக்கு என்மேல் மனசு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

செல்லோவை விடுதியில் விட்டுவிட்டுப் போகப் போகிறேன். பந்தியில் எச்சில் இலை எடுக்கவாவது விடுவாரா?