பூச்சியைப் பிடித்து வைக்கும் பயிற்சி

ஜூன் 3, திங்கள்

பூச்சி ராஜினாமா கொடுத்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு ஊசித் தட்டை ஒரு கையில் பிடித்தபடி, "சிஸ்டர், இத கொஞ்சம் பாத்துருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். மருந்துக் கோரிக்கை என்று நினைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பிறகுதான் படித்தேன். இந்த மாதம் முப்பதோடு விலகுகிறாளாம்.

இந்த வருஷத்தில் ஐந்தாவது ஆள். பதினோரு நர்ஸ் இருந்த வார்டு. இவளும் போனால் ஆறு பேர். மற்ற நாலு பேர் போனபோது எரிச்சல்தான் வந்தது. இப்போது அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். வாயில்லாப் பூச்சி என்பதைச் சுருக்கி வார்டே சேர்ந்து வைத்த பெயர் அது. நாலு வருஷத்தில் எந்த வேலைக்கும் மறுத்துப் பேசியதில்லை. நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் ஊசி போட்டுவிடுவாள்.

ஏன் போகிறாய் என்று கேட்டேன். "சொந்தக் காரணம்தான் சிஸ்டர்" என்றாள். கேட்டுவிட்டு நானும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 5, புதன்

சூப்பரின்டென்டென்ட் மேடம் எல்லா வார்டு இன்சார்ஜுகளையும் கூப்பிட்டார். நர்சுகள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று மேலிடம் கேட்கிறதாம். அதனால் எங்களுக்குத் தலைமைப் பயிற்சி. விட்டு விட்டு எட்டு நாள். நோயாளிகளைக் கவனிப்பது மேம்படணும், ஆட்கள் நிலைக்கணும். விலகப் போகிற ஒருத்தியை ஒவ்வொரு இன்சார்ஜும் தேர்ந்தெடுத்து, போகவிடாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை.

"உங்களுக்கென்ன, ஆள் ரெடியா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எட்டு நாள் நான் இங்க உக்காந்தா வார்ட யார் மேடம் பாக்கறது?"

"அந்தப் பொண்ணுதான். நல்லா வேல செய்வாளே!"

ஆக, பூச்சி போகாமலிருக்க நான் பயிற்சிக்குப் போக வேண்டும். நான் பயிற்சிக்குப் போக, பூச்சி இரண்டு ஆள் வேலை பார்க்க வேண்டும். வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இத யோசிச்சவருக்கு ஜுரம் இருந்துச்சா, பாத்தியா?" என்று கேட்டார்.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். பதினெட்டு இன்சார்ஜுகள், குளிர்ந்துபோன ஒரு அறை. பயிற்சியாளர் கோட்டு போட்டவர். இதற்கு முன்னால் டயர் விற்கிறவர்களுக்குத் தலைமை கற்றுக்கொடுத்தாராம். வந்ததும் எல்லா செல்போனையும் ஒரு கூடையில் போடச் சொன்னார். கூடை நாள் முழுக்க அழுதது. யாருடைய வார்டு என்று தெரியாமல் பதினெட்டு பேரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க வார்டோட கனவு என்ன?" என்று கேட்டார்.

"குழாய்ல தண்ணி வரணும்" என்றேன் நான்.

குழந்தைகள் வார்டு இன்சார்ஜ், "தூங்கணும் சார்" என்றாள். அவர் அதைப் பலகையில் எழுதி வட்டம் போட்டார்.

ஜூன் 12, புதன்

இன்று நம்பிக்கைப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், குழு தாங்கிப் பிடிக்க வேண்டும். செய்து காட்டுகிறேன் என்று பயிற்சியாளரே சாய்ந்தார்.

என்ன சொல்ல! ஆள் விழுந்தால் பதினெட்டு நர்சுகள் என்ன செய்வார்கள்? தாங்கினோம், தரையில் கிடத்தினோம், ஒருக்களித்துத் திருப்பினோம். ஒருத்தி டையைத் தளர்த்தினாள், ஒருத்தி நாடி பிடித்தாள், அவசரப் பிரிவு இன்சார்ஜ் எங்கிருந்தோ பிரஷர் கருவியோடு வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, இது பயிற்சி" என்று அவர் கத்துகிறார். "பேசாதீங்க சார், அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்று அவள் அதட்டுகிறாள். பார்த்தால் பிரஷர் நூற்று எழுபது! நிஜமாகவே. மத்தியானப் பாடம் ரத்து.

ஜூன் 13, வியாழன்

பயிற்சியாளருக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. உப்பைக் குறைக்கும்படி பதினெட்டு பேரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 20, வியாழன்

வீட்டுப்பாடம்: விலகப் போகிறவளிடம் இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேள்விகளை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். பூச்சி உட்கார்ந்தால்தானே? காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

"உன் மனசுல இருக்கறத தயங்காம சொல்லு" என்று பார்த்துப் படித்தேன்.

"நாலாம் படுக்கைக்கு வாந்தி சிஸ்டர்."

"ம்... அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஏழாம் படுக்கைக்கு. கொஞ்சம் நகருங்க."

இருபது நிமிடமும் இப்படியே ஓடியது. படிவத்தில் 'மனம் திறந்து பேசினார்' என்று எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

ஜூன் 24, திங்கள்

மனசு சரியில்லை.

மூன்று மாத டியூட்டி லிஸ்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நர்சுக்கும் ஒரு கலர் பென்சில். யார் யார் எந்த ஷிப்ட் என்று வண்ணம் தீட்ட வேண்டும். சின்னப் பிள்ளை வேலை என்று முனகிக்கொண்டே தீட்டினேன். பூச்சிக்குப் பச்சை. தீட்டி முடித்தேன். பயிற்சியாளர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பச்சைதானே நீங்க? வார்டையே தாங்குறீங்களே!" என்றார்.

அந்த ஆளுக்கு வார்டும் தெரியாது, வராண்டாவும் தெரியாது. ஆனால் அந்தத் தாளை இத்தனை நாள் எழுதியவள் நான். பதிமூன்று ஞாயிற்றுக்கிழமையில் பதினொன்று பச்சை. யாராவது லீவு கேட்டால், யாராவது சண்டை போட்டால், என் பென்சில் தானாக அவள் வரிசைக்குப் போயிருக்கிறது. பூச்சிதானே, ஒண்ணும் சொல்ல மாட்டா, போடு. தங்கச்சி கல்யாணத்தன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்து நின்றாளே! சாப்பிட்டியா என்றுகூட நான் கேட்கவில்லை.

மேலிடத்தைத் திட்டினேன், சம்பளத்தைத் திட்டினேன், வெளிநாட்டைத் திட்டினேன். அடிப்பாவி, நீதானடி காரணம்.

ஜூன் 26, புதன்

ஜூலை லிஸ்டைப் போட்டு முதலில் பூச்சியிடம் காட்டினேன். நாலு ஞாயிறும் லீவு, நைட் டியூட்டி மூன்றே மூன்று. நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாருக்கு சிஸ்டர். போன வருஷம் இப்படி ஒண்ணு காட்டிருந்தீங்கன்னா நான் எங்க போயிருக்கப் போறேன்?" என்றாள். கோபமே இல்லை. ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலையாம், பகல் ஷிப்ட் மட்டும். எட்டாம் தேதிக்குள் சேர வேண்டுமாம். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 28, வெள்ளி

விலகுகிறவர்களுக்கான படிவத்தை இன்சார்ஜ்தான் நிரப்ப வேண்டும். காரணம் என்று ஐந்து கட்டம்: திருமணம், மேற்படிப்பு, உடல்நலம், இடமாற்றம், சொந்தக் காரணம். முன்னே போன நாலு பேருக்கும் யோசிக்காமல் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டவள் நான். இன்று ஸ்கேலை வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். 'வார்டு இன்சார்ஜ் போட்ட டியூட்டி லிஸ்ட்' என்று எழுதி டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பாரம் இறங்கினது போல இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

கேக் வெட்டினோம். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

ஜூலை 1, திங்கள்

காலை ஏழரைக்கு யூனிஃபார்மோடு பூச்சி வந்து நிற்கிறாள்!

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஐந்து காரணம்தான் ஏறுமாம். ஆறாவது ஏறவில்லை, அதனால் ராஜினாமா செல்லாது, அதனால் விடுவிப்புக் கடிதம் கிடையாது. அது இல்லாமல் புது ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். "டியூட்டிக்குப் போன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்று கையைக் கழுவிக்கொண்டு ஊசித் தட்டை எடுத்தாள். நான் ஒரு நாள் உண்மை பேசினேன், அதுவும் அவள் தலையில்தான் விடிந்தது.

ஜூலை 2, செவ்வாய்

பயிற்சி நிறைவு விழா. பதினெட்டு வார்டில் ஆளை நிறுத்திக் காட்டியது நான் ஒருத்திதானாம். சிறந்த தலைவி, கண்ணாடி போட்ட சான்றிதழ். எப்படி சாதித்தீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

"ஃபாரத்த தப்பா போட்டேன்" என்றேன்.

என்ன அடக்கம் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். பயிற்சியாளர் அதையும் பலகையில் எழுதிக்கொண்டார்.

ஜூலை 3, புதன்

வார்டு நேர்த்தியாக ஓடுகிறது. டிரிப் எல்லாம் சரியான நேரத்துக்கு மாறுகிறது, ஒரு நோயாளிகூடக் கத்தவில்லை. நான் உட்கார்ந்து டீ குடித்தேன், சூடாகவே.

எட்டாம் தேதி தாண்டிவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும், இவள் இங்கேயே இருப்பாள். ஞாயிறு லீவு தருகிறேனே, இனிமேல் நன்றாகத்தானே வைத்துக்கொள்ளப் போகிறேன்? — யாரை ஏமாத்தறேன்? அந்த டீயை நினைச்சாலே வெக்கமா இருக்கு.

ஜூலை 5, வெள்ளி

புதுப் படிவம் வாங்கினேன். 'சொந்தக் காரணம்' கட்டத்தில் டிக் போட்டேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது போனா சான்றிதழும் போயிடும், தெரியுமில்ல?"

"கண்ணாடியோட தந்துடறேன் மேடம்."

கடிதம் கைக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. பூச்சி இரண்டு தடவை படித்தாள்.

"சொந்தக் காரணம்னு போட்டிருக்கீங்க?"

"பொய்தான். வாங்கிக்கிட்டுப் போ."

"சிஸ்டர்... மீதி டியூட்டிய என்னால பாக்க முடியாது. இப்பவே கிளம்பறேன்."

"கிளம்பு" என்றேன். ஊசித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலை டியூட்டிக்கு என் பெயரைத்தான் போட்டேன். ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு இரண்டு தடவை குத்தியும் நரம்பு நழுவி நழுவிப் போனது. கை மறந்துவிட்டது எனக்கு.

"அந்தப் பொண்ணு ஒரே குத்துல போட்டுருமே, எங்க காணோம்?"

"வேலைய விட்டுப் போயிட்டாங்க ஐயா."

"ஏனாம்? என்ன காரணம்?"

பக்கத்துப் படுக்கையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் காரணம்" என்றேன்.

 பெரியவர் அடுத்த கையின் சட்டையை மெதுவாகச் சுருட்டி என் பக்கம் நீட்டினார்.

"சரிம்மா, இதுல பாருங்க. அவசரமில்ல."