பள்ளத்தில் நீல நாற்காலி

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. காலை ஏழு பத்துக்கு, நீண்ட விவாதத்துக்குப் பின், வீட்டிலுள்ள நீல பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் பள்ளத்தில் நிறுத்துவது என ஒருமனதாக முடிவு. அவையில் இருவர். ஒருவர் படுக்கையில்.

இதுவரை எச்சரிக்கையாக நட்டிருந்த வேப்பங்கிளையை ஆடு தின்றுவிட்டது. ஜூன் மாதம் குழாய்க்காரர்கள் தோண்டி, மூடாமல் போன பள்ளம். பாதி நடைபாதையில், பாதி ரோட்டில். என் மனைவி ஸ்டெல்லா மீன் வாங்கித் திரும்பும்போது இதில்தான் விழுந்தாள். இடுப்பு எலும்பு. மூன்று மாதமாக அவளுக்கு ராயபுரம் என்பது ஜன்னல் அளவு.

எதிர்க்கடை பஷீர் பாய் வந்து பார்வையிட்டார். "சேர் போட்டுகினியா சார்? கரீட்டு. ஆனா நம்ம ஏரியாவுல சேர் வச்சா எவனாச்சும் வந்து குந்திக்குவான், பாத்துக்கோ."

செப்டம்பர் 10, புதன்

மேகம். மழை இல்லை. பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்ணின் தீர்ப்பு: ஞாயிறு முதல் வாக்கர் பிடித்து வெளியே நடக்கலாம். ஸ்டெல்லா அப்போதே தீர்மானித்துவிட்டாள். ஞாயிறு காலைப் பூசைக்கு, தெருமுனை மாதா கோயிலுக்கு, தன் காலால்.

"எவனும் என்னியத் தூக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

வாங்க: வாக்கர் காலுக்கு ரப்பர் (4). வார் வைத்த செருப்பு. வலி மாத்திரை. கத்தரிக்காய்.

செப்டம்பர் 11, வியாழன்

புழுக்கம். வார்டு ஆபீஸ். என் ஏழாவது மனுவுக்குப் பலன்: சனிக்கிழமை தெரு முழுக்கப் புது ரோடு.

கிளார்க்: "லெட்டர் இன்னாமா எழ்தறீங்க சார்! போன தபா குட்த்தத இங்க அல்லாருக்கும் படிச்சுக் காட்னேன்."

"பள்ளம்?"

"அது குழாய்க்காரங்க பள்ளம் சார். நம்ம பள்ளம் இல்ல."

பள்ளங்களுக்கு இவ்வளவு துல்லியமான குடியுரிமை இருப்பது தெரியாது.

மதியம், ரோமானியர் சாலைகள் பற்றிய புத்தகம். அவர்கள் ஆழமாகத் தோண்டி, அடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்களாம். இங்கே முறை எளிது. பழையதன் மேல் புதியது. அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது ரோட்டுக்கு இறங்க மூன்று படி. எனக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டு. இப்போது அரை. கேட் மட்டும் அப்பா வைத்தபடியே, வெளிப்பக்கம் திறப்பது.

செப்டம்பர் 12, வெள்ளி

தூறல். பாய் சொன்னது பலித்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டில் நகரவில்லை. ஒரு டிரைவர் நடந்து வந்து, பள்ளத்து நாற்காலியில் அமர்ந்து, இரண்டு மணி நேரம் போன் பேசினார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

ஸ்டெல்லா ஹாலில் வாக்கரோடு எட்டுச் சுற்று. ஒன்பதாவதில் நின்றாள்.

"இன்னா மூஞ்சியப் பாத்துகினு கீற? எண்ணு."

எண்ணினேன். பன்னிரண்டு. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஒன்றும் தோன்றவில்லை. ஜூனிலிருந்தே தோன்றுவதில்லை. அவள் விழுந்த அன்று சங்கரா மீன் வேண்டுமென்று கேட்டது நான்.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

மூன்று மணிக்கு ரோடு வந்தது. மேஸ்திரி தெருவுக்கே உத்தரவு போட்டார்: "அல்லாரும் வூட்டுக்குள்ள இருங்க! தார் சூடா கீது!" கேட்டைச் சாத்திவிட்டு ஜன்னலில் நின்றேன்.

"பழைய ரோட்டைச் சுரண்டலையா?"

"சுரண்டற மெஷின் வேற தெருவுல கீது நைனா."

"அந்த நாற்காலி?"

"அது பள்ளத்துல கீது. பள்ளம் நம்ம வேலை இல்ல."

நாற்காலியைச் சுற்றி, அதன்மேல் ஒரு சொட்டு தார் படாமல், மரியாதையாக வளைத்துப் போட்டார்கள். கடைக்குள்ளிருந்து பாய் கத்தினார்: "ரோடு சோக்கா கீது சார்! கேரம் போர்டு மாறி!"

ஸ்டெல்லா புதுச் செருப்பின் வாரை இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். ரோடு நன்றாக இருக்கிறது. பள்ளத்தின் ஆழம் கூடியிருக்கிறது. நாற்காலியின் முதுகு மட்டும் வெளியே.

ஆறரைக்கு முதல் மணி. ஸ்டெல்லா மஞ்சள் புடவையில், வாக்கரோடு, தானாகவே வாசல் வரை வந்தாள். கேட்டைத் தள்ளினேன். அரைப் படி இருந்த இடத்தில் தார்; கேட்டின் அடி அதில் முட்டி நின்றது. வெளியிலிருந்து பாய் கம்பியைப் பிடித்து இழுத்தார். "தள்ளு சார்... தள்ளு... இன்னும் கொஞ்சம்... ம்ஹூம்."

அடியை அறுக்க வேண்டிய வெல்டருக்கு ஞாயிறு விடுமுறை.

கேட் ஒரு சாண் திறக்கிறது. வாக்கரின் அகலம் மூன்று சாண். பூசை டிவியில்.