கடல் பக்கக் கதவு

திருவிடந்தை
ஜூலை 2002

அன்புள்ள உனக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பிரசவம் முடிந்ததும் நீ செங்கல்பட்டிலிருந்து இங்கேயே வந்துவிடலாம். மியூசியம் குவார்ட்டர்ஸ் நமக்குத்தான், உறுதி.

நவீன ஓவியம் எல்லோருக்கும் என்று சொல்லி மியூசியத்தில் டிக்கெட்டை ரத்து செய்தேன் அல்லவா? எதிர்ப்புறக் காலனி ஜனம் தினமும் குவிந்தது. இயக்குநர் நாற்காலியில் நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். முன்வாசலில் நுழைந்து பின்கதவு வழியாகக் கடற்கரைக்குப் போகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மதில் அடைத்திருப்பது அவர்களுடைய பாதையை. கட்டியவர்களுக்கு அது தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் போகிற போக்கில் படம் பார்த்தார்கள். மீன் விற்கும் பூங்கொடி தினமும் ஒரே ஓவியத்தின் முன் கூடையை இறக்கி வைப்பாள்.

"இன்னா சார் இது, மூஞ்சியே இல்ல. ஆனா என்னியே பாத்துகினு கீது" என்பாள்.

போன வாரம் டிரஸ்டி வந்தார். மீன் நாற்றமாம். "பின்கதவைப் பூட்டுங்க. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார். அவர் வீட்டு விருந்தில் வஞ்சிரம் மட்டும் மணக்கும்.

குவார்ட்டர்ஸ் உறுதி என்றேனே, எப்படி என்று கேட்காதே.

இன்று காலை பூங்கொடி மதிலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். "உன் படத்தைப் பாத்துட்டுப் போம்மா" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"நேரம் இல்ல சார். இப்ப சுத்திகினு போவணுமே" என்றாள், நிற்காமலே.

கூடத்தில் யாரும் இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது.

உன்னவன்