சீர்த்தட்டில் கறுப்பு ஷூ

9 ஏப்ரல் 1957, செவ்வாய்

பாஞ்சாலி எட்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தாள். மைக் கையோடு நேரே மோர்ச் சட்டிக்குப் போனாள். திட்டினேன்.

எங்கள் அல்சூர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தெருப் பெண்களின் படிப்பும் அதோடு சரி. இவரும் அதையேதான் சொன்னார். "எட்டு முடிஞ்சுதுல்ல, சாக்கு, போதும் சரசு. வீட்டு வேலை கத்துக்கட்டும்."

"ஹைஸ்கூலுக்குப் போவா" என்றேன்.

"உங்கண்ணன் என்ன சொல்வாரோ."

பட்டாளத்து மெஸ்ஸில் சமையல் இவர். அங்கே சுபேதாரையே அதட்டுவாராம். என் அண்ணன் பேரைச் சொன்னால் மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

சர்க்கார் ஹைஸ்கூல் பேட்டைப் பக்கம் இருக்கிறது, இரண்டு பஸ் மாறவேண்டும். வயசுப் பெண் பஸ்ஸில் நிற்பதா என்று ஆரம்பிப்பார்கள். நடந்து போகிற தூரத்தில் இரண்டு கான்வென்ட் இருக்கின்றன. இரண்டிலும் கன்னியாஸ்திரீகள்தான், இரண்டுக்கும் ஆளுயர மதில். அந்த மதிலைச் சொல்லியே எல்லார் வாயையும் அடைக்கப்போகிறேன்.

10 ஏப்ரல், புதன்

ஏன் இந்தப் பிடிவாதம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இன்று வேலையிலேயே கிடைத்தது.

ஃபேன் பாக்டரியில் கம்பிக் காயில் சுற்றுகிறவள் நான். இன்று நான் சுற்றிய ஒன்றைப் பரிசோதனை மேஜையிலிருந்து சிவப்புச் சாக்கட்டிக் கோட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு என்று போய்க் கேட்டேன். மேஜையில் இருந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "ரெசிஸ்டன்ஸ் சரியில்லம்மா. அது கணக்கு. சொன்னா புரியாது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

சுற்றுகிற பெஞ்சில் முழுக்கப் பெண்கள். அந்த மேஜையில் ஒருத்தி இல்லை. பாஞ்சாலி அங்கே உட்காரவேண்டும். அவ்வளவுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

14 ஏப்ரல், ஞாயிறு

திரௌபதம்மா கரகத் திருவிழா பார்க்கச் சந்தாபுராவிலிருந்து முனிராஜ் அண்ணன் வந்தார். விறகு மண்டி வைத்திருக்கிறவர், பேச்சும் விறகு பிளக்கிற மாதிரியே இருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"கரகத்தன்னைக்குப் பொறந்தான்னு திரௌபதம்மா பேரை வச்சிட்டு, சிலுவைக்காரங்க ஸ்கூல்ல சேக்கறியா? ஞானஸ்நானம் குடுத்துதான் அனுப்புவாங்க. அப்புறம் எம்புள்ளைக்கு நான் எங்க போய் பொண்ணு தேடறது?"

"உம்புள்ளைக்குப் பொண்ணு தேடறது உன் வேலை அண்ணா. என்னை ஏன் கேக்கறே?"

சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். பாஞ்சாலி தொட்டிலில் கிடந்தபோதே அவர் மகன் கிருஷ்ணப்பாவுக்கு என்று பேசி வைத்துவிட்டார்களாம். பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு நடந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு உள்ளே படுத்திருந்தேன்.

22 ஏப்ரல், திங்கள்

அரை நாள் லீவு போட்டுப் பெரிய கான்வென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கால் வைக்கவே கூசுகிற மாதிரித் தரை. உள்ளே எங்கோ பியானோ. பாஞ்சாலிக்கு வாய் மூடவில்லை.

வெள்ளைக்கார சிஸ்டர் அன்பாகவே பேசினார்கள், கூட ஒரு டீச்சரம்மா தமிழில் எடுத்துச் சொன்னார். தமிழ்ப் பள்ளியில் படித்த பெண்களுக்குத் தையல், சமையல், பாட்டு எல்லாம் மிக நன்றாக வருமாம்.

"கணக்கு?" என்றேன்.

சாதாரணக் கணக்கு உண்டாம், கடை கண்ணிக்குப் போதுமாம். அல்ஜீப்ரா, விஞ்ஞானம் எல்லாம் இந்தப் பெண்களுக்கு பாரம் என்று எடுப்பதில்லையாம்.

பாரமா! தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வருகிறாளே, அது பாரமில்லையா? இதை அங்கே சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பாஞ்சாலி என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி பின்னாலேயே வந்தாள். வீட்டு வாசலில் சொன்னாள். "எனக்கு அந்த ஸ்கூல்தான் வேணும். கணக்கு உனக்குத்தாம்மா வேணும்."

சுருக்கென்றது. பொய்யில்லையே.

24 ஏப்ரல், புதன்

சின்ன கான்வென்ட். மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம், ஹைஸ்கூல் ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மரத்தடியில் ஒரு கரும்பலகை, பாதி அழிந்த முக்கோணத்தோடு நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

தலைமை சிஸ்டர் ஜோசஃபின் தமிழ்க்காரர். தொண்டை கட்டிய குரல். நான் நேராகவே கேட்டேன். "அல்ஜீப்ரா இருக்கா?"

"இருக்கு. நான்தான் எடுக்கறேன். அழுதாலும் விடமாட்டேன்."

"மதம் மாத்துவீங்களா?"

பக்கத்தில் இருந்த சிஸ்டருக்கு முகம் சுருங்கியது. ஜோசஃபின் சிஸ்டர் சிரித்துவிட்டார். "வேதபாடம் நடக்கறப்ப உங்க பொண்ணுக்கு நீதிபாடம். மாத்தறதுக்கு எனக்கு ஏதும்மா நேரம்? கணக்குலயே பாதிப்பேரு ஃபெயிலு."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். நடுவுல நிறுத்தமாட்டீங்களே? நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. வயசுக்கு வந்தா நின்னுடறாங்க. நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சிட்டு வரேன். ஒண்ணும் நடக்கறதில்ல."

"நிறுத்தமாட்டேன் சிஸ்டர்."

"ஜூன் மூணு திறக்கறோம். அன்னைக்கு வராத பொண்ணோட இடத்தை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். வெளியில நிக்கறவங்க நிறைய."

பாஞ்சாலி முகத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். இருக்கட்டும். இந்த வீட்டில் தூக்கி வைத்துக்கொள்ள என்னிடமும் ஒரு முகம் உண்டு.

19 மே, ஞாயிறு

பாஞ்சாலி பெரியவளாகிவிட்டாள்.

சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் என் வாயில் வந்த வார்த்தை "இப்பவா?" என்பதுதான். குழந்தை பயந்துபோய்ப் பார்த்தாள். கட்டிக்கொண்டேன்.

21 மே, செவ்வாய்

தாய்மாமனாயிற்றே, அண்ணன் வந்து பச்சை ஓலை கட்டி அவளைத் தனியே உட்கார வைத்தார். கையோடு நாளும் குறித்துவிட்டார். ஜூன் ஒன்பதாம் தேதி, சந்தாபுராவில், அவர் வீட்டில் மஞ்சள் நீராட்டு. அதுவரை பெண் வெளியே வரக்கூடாது. அன்றைக்கே சபையில் கிருஷ்ணப்பாவுக்கு நிச்சயமும் செய்துவிடுவாராம். "ஒரே செலவா ஆய்த்து."

"மூணாந்தேதி ஸ்கூல் திறக்கறாங்க அண்ணா."

"எந்த ஸ்கூலு?"

எந்த ஸ்கூலா! ஒரு மாசமாக நான் பேசியது காற்றிலா போயிற்று? இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார். நானும் ஒரு நாள் குறித்தேன். "ஜூன் ரெண்டு. ஞாயித்துக்கிழமை. அல்சூர்ல, என் வீட்டுல. மறுநாள் அவ ஸ்கூலுக்குப் போவா. தாய்மாமன் சீரு எங்களுக்கு வேணும்தான். பட்டு வேணாம். ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் நீலப் பாவாடையும் கொண்டா, போதும்."

"சீர்த்தட்டுல செருப்பா? பைத்தியமாடி உனக்கு?" என்று எழுந்தார். "தாய்மாமன் இல்லாம சபையில உக்கார வச்சிடு, பாக்கறேன்."

பார்க்கட்டும்.

22 மே, புதன்

அழுதேன். போதும்.

27 மே, திங்கள்

கமர்ஷியல் தெருவில் ஷூ வாங்கிவிட்டேன். கடைக்காரர் பெண்ணின் கால் வேண்டும் என்றார். அவள் ஓலைக்குள் இருக்கிறாள், எங்கே கொண்டுவருவது? நூலில் அளவெடுத்துக்கொண்டு போயிருந்தேன். அளவெடுக்கும்போது காலை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு கேட்டாள். "அந்த சிஸ்டர் நெஜமாவே வீடு வீடாப் போய்க் கெஞ்சுவாங்களா?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கு வர வேணாம்மா. வெக்கமா இருக்கும்."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. படிப்பை நிறுத்தமாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

2 ஜூன், ஞாயிறு

எழுதக் கை ஒழியவில்லை, மனசும் ஓயவில்லை.

அண்ணன் வந்தார். இரண்டு தட்டோடு வந்தார். ஒன்றில் பட்டு, மஞ்சள், பழம். இன்னொன்றில் பரிசப் புடவையும் மோதிரமும். நடு வீட்டில் நின்று, "ரெண்டையும் வாங்கு. இல்லன்னா ரெண்டும் இல்ல" என்றார். வந்திருந்த சனம் முழுக்க என்னையே பார்த்தது.

"அப்ப ரெண்டும் வேணாம் அண்ணா."

நான்தான் சொன்னேன். கூடப்பிறந்தவரைப் பார்த்து, சபையில். அவர் முகம் கறுத்துப்போயிற்று. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். அண்ணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் உள்ளே போய் என் தட்டை எடுத்தேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, நடுவில் ஷூ. எதிர்வீட்டு பச்சையம்மா, "அய்யய்யோ, தோலும்மா அது! மஞ்சக் குங்குமத்தோடவா வைப்பாங்க?" என்று கத்தினாள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். இத்தனை நாள் வாய் கிழியப் பேசிவிட்டு நடுக்கூடத்தில் மரமாக நின்றேன்.

இவர் வந்தார். என் கையிலிருந்த தட்டை வாங்கினார், தலைக்கு மேல் தூக்கினார், மெஸ்ஸில் பெரிய அண்டாவைத் தூக்குகிற மாதிரி. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மகள் முன்னால் வைத்தார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்து, "பாயசம் ஆறுது, இலையில உக்காருங்க" என்றார்.

இந்த மனுஷனையா இத்தனை வருஷம் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தேன்?

3 ஜூன், திங்கள்

போனாள். முகத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. வாசலில் ஜோசஃபின் சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உள்ள போ" என்று மட்டும் அவளிடம் சொன்னார். ஷூ விரலை இடிக்கிறதாம். நூல் அளவு கொஞ்சம் தப்பு.

18 செப்டம்பர், புதன்

கணக்கில் ஃபெயில். "சந்தோஷமா?" என்று என்னைக் கேட்கிறாள்.

19 செப்டம்பர், வியாழன்

சிஸ்டர் தினமும் சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லித் தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அழுதாலும் விடமாட்டார். நானும்தான்.

12 ஜனவரி 1959, திங்கள்

ராத்திரிச் சோறு போடும்போது ரெசிஸ்டன்ஸ் என்றால் என்ன என்று பாஞ்சாலியிடம் கேட்டேன். "கம்பி மெல்லிசா இருந்தா கரண்டு நெருக்கியடிச்சிட்டுப் போவணும்மா. ஆனேக்கல் சந்தையில சின்ன சந்து வழியா போறோமில்ல, அந்த மாதிரி. இழுத்துச் சுத்தினா கம்பி மெலிஞ்சிடும்."

இவ்வளவுதானா? இதுவா எனக்குப் புரியாது? நாளைக்கே போய் அந்தப் பரிசோதனை மேஜைப் பையனிடம் சொல்லப்போகிறேன்.

29 மே 1960, ஞாயிறு

பாஞ்சாலி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் ஆனது போன வாரம் சந்தாபுரா வரை தெரிந்திருக்கிறது. கணக்கில் வகுப்பிலேயே மூன்றாவது. காலேஜில் விஞ்ஞானம் எடுக்கப்போகிறாள், சண்டை போட யாரும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்று மத்தியானம் அண்ணன் வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு. கிருஷ்ணப்பா கல்யாணத்துக்குக்கூட எங்களைக் கூப்பிடாதவர். கையில் அன்று திருப்பி எடுத்துப்போன அந்தப் பட்டு, மடிப்புக் கலையாமல். பின்னால் ஒரு சின்னப் பெண் வாசல்படியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் கடைக்குட்டி, ருக்கு.

காபி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ருக்கு எட்டு முடிச்சிட்டா. அங்க ஹைஸ்கூல் கெடையாது. உன்கூட இருக்கட்டும். அந்த சிஸ்டருகிட்ட நீ சொன்னா எடம் குடுப்பாங்களாமே."

என்னென்னவோ சொல்ல இருந்தது எனக்கு. மூன்று வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சேர்த்து வைத்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நடுவுல நிறுத்தமாட்டியே அண்ணா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாட்டேன்."

ருக்குவை உள்ளே கூப்பிட்டு பாஞ்சாலியின் ஷூவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பெரிதாக இருக்கிறது. முன்னால் துணி அடைத்தால் சரியாகிவிடும்.